சாக்குக்கு மூன்று கிலோ

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே ஐயம் உண்டு. அன்று தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் நான் இல்லை. பூரணி ஒரு விதமாகச் சொன்னாள், சுதர்ஷினி வேறு விதமாகச் சொன்னாள். கேட்டு நாளாகிவிட்டதால் எது யாருடைய வாயிலிருந்து வந்தது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது என்பாள் பூரணி. வெயிலில் கண் கூசியது என்பாள் சுதர்ஷினி. கிலோக் கணக்கில் மட்டும் இருவருக்கும் பேச்சு மாறவில்லை. ஆகவே அந்தக் கணக்கை நம்பி மிச்சத்தைச் சொல்கிறேன்.

இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சுதர்ஷினியின் வீடு. கணவன் நிரோஷன் அந்தத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார வேலை பார்த்தவன். ஒன்றரை வருடத்துக்கு முன் உகண்டாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு அதே வேலைக்குப் போனான். பள்ளிக்கூட விடுமுறைக்கு ஆறு வாரம் குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அந்தக் கம்பனி டிக்கெட்டும் அனுப்பிவிட்டது.

அன்றிலிருந்து, அவர்களுடைய வரிசை வீடுகளான லயமே தரையில் நிற்கவில்லை. மூன்று கடவுச்சீட்டுகளும் வீடு வீடாகப் போய்த் திரும்பி வந்தன. ஆறு வயது ஊர்மிளா, விமானத்தில் சன்னல் பக்கம் தனக்குத்தான் என்று காண்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தாள். மூன்று வயது மதுரனுக்கு விமானம் என்றால் என்ன என்று தெரியாது. ஆனாலும் அக்கா குதித்தபோதெல்லாம் கூடவே குதித்தான். சுதர்ஷினி அதிகம் பேசாதவள். அவளுடைய சந்தோஷம் பேச்சில் வராது. துவைத்துக் காய்ந்து மடித்து வைத்திருந்த பிள்ளைகளின் உடுப்பை மறுபடி எடுத்துத் துவைத்தாள். அதைப் பார்த்துத்தான் லயத்தார் புரிந்துகொண்டார்கள்.

"அங்கயும் தேயிலதானாமே?" என்று பூரணி கேட்டாள். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி, கொழுந்தெடுப்பதில் பெயர் வாங்கியவள். வாயாலும் பெயர் வாங்கியவள்.

"தேயிலதான் அக்கா. நம்ம மல மாதிரியே இருக்காம்."

"அப்பறம் என்ன? கம்பளிச் சட்ட ரெண்டு கூட எடுத்துட்டுப் போ. தேயில நிக்கிற எடத்துல குளுருதான் இருக்கும்."

சுதர்ஷினியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அட்டை தெரியும், குளவி தெரியும், மண்சரிவு தெரியும். கொசுவைத் தடுக்கும் நுளம்பு வலை என்ற ஒன்று அந்த லயத்தில் ஒரு வீட்டிலும் கிடையாது. தேயிலை நிற்கும் உயரத்தில் நுளம்புக் காய்ச்சல் எப்படி வரும்?

அந்த நினைப்பை நிரோஷன்தான் உடைத்தான். தண்ணீர்த் தாங்கி மேட்டில் சிக்னல் பிடித்துப் பேசிய வீடியோ அழைப்பில் ஒரு நாள் அவன் முகம் ஒடுங்கிக் கிடந்தது.

"என்னங்க, மெலிஞ்சு போயிட்டீங்க?"

"மலேரியா. மூணு நாளு. நான் நடுங்குனதுல கட்டிலே நடுங்குச்சு. இப்ப பரவாயில்ல."

"தேயிலத் தோட்டந்தானேங்க அது?"

"தேயில நின்னா? இங்க குளுரு அவ்வளவா கெடையாது. பக்கத்துக் குவாட்டர்ஸ்ல கேரளாக்காரர் ஒருத்தரு இருக்காரு. அவரு மகனுக்கு நாலு வயசு. போன மாசம் காச்சல் மூளைக்கு ஏறி ஆஸ்பத்திரியில கெடந்தான். பொழச்சதே பெருசு." அவன் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தான். "மருந்து வாங்காம புள்ளைங்கள ஏத்தாத. மருந்து இல்லேன்னா வரவே வேணாம்."

வரவே வேணாம் என்ற சொல் அவளோடு இரண்டு நாள் அடுப்படியிலும் தண்ணீர்க் குழாயடியிலும் கூடவே நின்றது. மூன்றாம் நாள் விசாரிக்கத் தொடங்கினாள். வெளிநாடு போகிறவர்களுக்கு மலேரியாத் தடுப்பு மாத்திரையை அரசாங்கமே தருகிறது, கண்டிக்குப் போக வேண்டும் என்று தெரிந்தது. போன் எடுத்துப் பேசிய டொக்டரின் பெயர் கேதீஸ்வரி. யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வருவியளோ?"

"சின்னவனுக்கு பஸ் ஒத்துக்காதுங்க டொக்டர். ஒரே வாந்தி."

"சரி, நீங்கள் மட்டும் வாங்கோ. ஆனா ரெண்டு பிள்ளையளின்ரை நிறையும் சரியா எழுதிக்கொண்டு வரவேணும். வயசை வச்சு இந்த மருந்து குடுக்கிறேல்லை. நிறையை வச்சுத்தான்."

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த தராசு மூன்று மாதமாக முள் அசையாமல் கிடந்தது. அதற்காக யாரும் கவலைப்படவில்லை. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் டிஜிட்டல் தராசு இருக்கிறது. நிறுப்பவர் கணக்கப்பிள்ளை அழகுமுத்து, சுதர்ஷினிக்குச் சொந்தச் சித்தப்பா. பின்னேரக் கொழுந்து நிறுத்து முடிந்த கையோடு பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். சாக்குக்குள் இறங்கி உட்கார்ந்து கொக்கியில் தொங்கியதில் ஊர்மிளாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மதுரன் இன்னொரு தரம் என்று அழுதான். அழகுமுத்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்: ஊர்மிளா 19, மதுரன் 11.

ஊர்மிளாவைக் கடைசியாக நிறுத்தது போன வருடம், பாலர் நிலையத்தில். அப்போது பதினெட்டரை. ஒரு வருடத்தில் அரைக் கிலோதானா என்று சுதர்ஷினிக்கு மனதில் லேசாகத் தட்டியது. பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறாள், அதுதான் என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டு துண்டை மடித்து வைத்தாள்.

கண்டியில் கேதீஸ்வரி டொக்டர் எல்லாவற்றையும் கேட்டார். பிள்ளைகளுக்கு வலிப்பு வந்ததுண்டா, வேறு மருந்து எடுக்கிறார்களா, எந்த ஊர், எத்தனை நாள். பிறகு துண்டை வாங்கிப் பார்த்தார்.

"தராசு சரியானதோ?"

"கொழுந்து நிறுக்கிறதுங்க. கரெண்டுத் தராசு. பெசகாது."

டொக்டர் தலையாட்டினார். இருபது கிலோவுக்குக் கீழே என்றால் வாரம் ஒரு கால் மாத்திரை, பிள்ளைகள் இருவருக்கும் ஒரே அளவு, சுதர்ஷினிக்கு முழு மாத்திரை. விமானம் ஏறுவதற்கு முன் இரண்டு ஞாயிறு, அங்கே இருக்கும் வாரங்கள் முழுக்க, திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம், ஒன்றும் விடக்கூடாது. மருந்தூட்டிய வலை இரண்டும் கொடுத்தார். வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். பொழுது சாய்ந்தால் முழுக்கை, முழுக்கால். மாத்திரை குடிக்கிறோம்தானே என்று காய்ச்சலைச் சும்மா விடக்கூடாது, அன்றைக்கே இரத்தம் சோதிக்க வேண்டும். பொதியின் பின்புறம் தன் கைப்பேசி எண்ணையும் எழுதினார். "ஏதும் ஐமிச்சம், சந்தேகம் எண்டால் போன் எடுங்கோ. பின்னேரம், லீவு நாள் எண்டு பாக்க வேண்டாம்."

முதல் ஞாயிறு கால் மாத்திரையை நசுக்கி வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தாள். இரண்டு பிள்ளைகளும் முகத்தைச் சுளித்தார்கள், விழுங்கினார்கள். வீட்டு நடுவில் வலையைக் கட்டிப் பார்த்தபோது லயத்துப் பிள்ளைகள் பதினொரு பேர் அதற்குள் புகுந்துவிட்டார்கள். அந்தக் கிழமை கண் மூடித் திறப்பதற்குள் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை இரவு விமானம்.

சனிக்கிழமை பகல் கொழுந்து நிறுக்கும் நேரம், சுதர்ஷினி இரண்டு பெட்டிகளையும் மடுவத்துக்குக் கொண்டுவந்தாள். ஒரு பெட்டி இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் இருந்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பெண்கள் கொழுந்துச் சாக்குகளோடு வரிசையில் நின்றிருந்தார்கள்.

"மொதல்ல பொட்டிய நிறுங்க கணக்கப்புள்ள, நாங்க நிப்போம்" என்றாள் பூரணி. "எங்க சாக்கு பிளேன்ல போகப் போறதில்ல."

அழகுமுத்து முதல் பெட்டியைக் கொக்கியில் மாட்டினார். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. இருபத்தைந்து. அவர் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு உரக்கச் சொன்னார்: "இருபத்திரெண்டு. நல்லாருக்கு புள்ள, இன்னும் ஒரு கிலோ போடலாம்."

வரிசை முழுக்க எண்களை எட்டிப் பார்த்தது. பிறகு பூரணி கேட்டாள்:

"ஏன் கணக்கப்புள்ள, பொட்டிக்கும் சாக்குக் கழிவா?"

"தண்ணிக் கழிவும் சேத்தா? பொட்டி மழையில நனஞ்சிருக்கோ?" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

"பிளேன்காரன்கிட்டயும் நம்ம துண்டக் காட்டு சுதர்ஷினி. தோட்டத்துக் கணக்குன்னு சொல்லு, வுட்டுருவான்."

மடுவம் அதிர்ந்தது. எந்த நாளும் சண்டை நடக்கும் விஷயம் அது. கொழுந்துச் சாக்கு எத்தனை கிலோ காட்டினாலும் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று மூன்று கிலோ கழித்துத்தான் துண்டில் ஏறும். அழகுமுத்து வெட்கத்தோடு காதைச் சொறிந்தார். "கை பழகிப்போச்சுடி. இருபது வருசக் கை. கண்ணு ஒன்னப் பாக்குது, கை ஒன்ன எழுதுது."

சுதர்ஷினியும் சிரித்தாள். அவள் இப்படி வாய்விட்டுச் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று பூரணி சொல்வாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"சித்தப்பா. ஊர்மிளாவ நிறுத்தப்பவும் கழிச்சீங்களா?"

அழகுமுத்து அவளைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். கொக்கியில் தொங்கிய பெட்டி மெதுவாகத் திரும்பி நின்றது.

"தெரியல புள்ள" என்றார். "நெனவில்ல."

பூரணி சாக்கைப் போட்டுவிட்டு லயத்துக்கு ஓடினாள். ஐந்து நிமிடத்தில் ஊர்மிளாவைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள். பிள்ளைக்கு மறுபடி சாக்கில் தொங்கப் போகிற குதூகலம். இந்தத் தடவை எல்லாத் தலைகளும் எண்களின் மேல் குனிந்தன. இருபத்திரண்டு கிலோ நானூறு. வெறும் சாக்கைத் தனியாக மாட்டினார்கள். முந்நூறு கிராம்.

இருபதுக்குக் கீழே கால் மாத்திரை. பிள்ளை இருபதுக்கு மேலே. ஆகவே போன ஞாயிறு கொடுத்தது போதாது, கையில் இருப்பதும் போதாது. அந்தக் கேரளாக்காரர் பிள்ளையின் நினைப்பு சுதர்ஷினிக்கு வந்தது. வழக்கமாக ஐந்து நிமிடத் தாமதத்துக்கே பொரிந்து தள்ளும் வரிசை, வாயைத் திறக்காமல் நின்றது.

அவர்கள் லயத்தில் போனுக்குச் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தாங்கி இருக்கும் மேட்டுக்கு ஏற வேண்டும். சுதர்ஷினி தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறினாள். ஓடியதாக அவளுக்கு நினைவில்லை. ஓடினாள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எண்களை அழுத்தும்போது ஒரே பயம்தான். போக வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டால்?

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"விளங்கேல்லை" என்றார் டொக்டர். "சாக்கு எத்தினை கிராம்?"

"முந்நூறுங்க."

"கழிச்சது?"

"மூணு கிலோ."

"அப்ப மிச்சம் ரெண்டு கிலோ எழுநூறு ஆரின்ரை?"

சுதர்ஷினி சற்று யோசித்தாள். "அது... தோட்டத்துதுங்க டொக்டர்."

பிறகு ஒரு சின்னச் சிரிப்பும் பெருமூச்சும் ஒன்றாகக் கேட்டன.

"பிழை என்னிலையும்தான். நானும் வடிவாக் கேட்டிருக்கவேணும். சரி, நாளைக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடுறியள்? கினிகத்தேனைப் பாதையாலை போகாதேங்கோ. கம்பளைப் பாதையாலை வாங்கோ. பேராதனையிலை ரோட்டோரத்துப் பேக்கரி ஒண்டு இருக்கு, பேர் அனுப்புறன். அங்கை நிப்பன். மூத்தவளுக்கு இனி அரை மாத்திரை."

"அப்ப போகலாமுங்களா?"

"ஏன் போகாமல்? புறப்படமுன்னம் கண்டுபிடிச்சிட்டியளே. சின்னவனுக்கு என்ன நிறை?"

"கழிச்சது பதினொன்னு. அப்ப பதினாலு இருக்கும்."

"அவனுக்குக் கால்தான். மாற்றமில்லை."

அன்று பின்னேரக் கொழுந்துக்கு அழகுமுத்து சாக்கு ஒன்றுக்கு அரைக் கிலோ மட்டும் கழித்தார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, வாடகைக்குப் பிடித்த மாயாண்டியின் வேன் புறப்பட்டது. "கம்பளப் பக்கம் சுத்துனா டீசல் கூடப் போகும், நேரமும் கூடப் போகும்" என்று மாயாண்டி முணுமுணுத்தான். விஷயம் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு விசையாக ஓட்டினான். லயமே ரோட்டுக்கு வந்து கையசைத்தது. வழியனுப்ப வந்த அழகுமுத்து, கேட்காமலே வேனில் ஏறிப் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். நாவலப்பிட்டி வரும்வரை அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேல் கோபம் இருக்கிறதா என்று சுதர்ஷினி தனக்குள் தேடிப் பார்த்தாள். இருந்தது. அதைவிடப் பெரிதாக, துண்டை வாங்கியபோது மனதில் தட்டியதை வாய்விட்டுக் கேட்காமல் போன தன் மௌனத்தின் மேல் இருந்தது.

"நான் ஊர்மிளாவுக்கு வாங்கிக் குடுத்த டொபியெல்லாம் சாப்புட்டாளா?" என்று ஒரு வளைவில் அழகுமுத்து கேட்டார்.

"சாப்புட்டா சித்தப்பா."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் பேச்சு முடிந்த பிறகு வேனுக்குள் மூச்சு விடுவது இலேசாக இருந்தது.

பேராதனைப் பேக்கரி வாசலில் கேதீஸ்வரி டொக்டர் ஒரு கையில் மருந்துப் பையும் மறு கையில் குளியலறைத் தராசுமாக நின்றார். சிமெந்துத் தரையில் தராசை வைத்தார்.

"நான் உங்கட தராசை நம்பேல்லை. பிள்ளை, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஏறு."

ஊர்மிளா ஏறினாள். பாண் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். இருபத்திரண்டு கிலோ நூறு.

"நான்தாங்கம்மா நிறுத்தது" என்று அழகுமுத்து முன்னால் வந்தார்.

"நிறுத்ததிலை பிழையில்லை ஐயா. கழிச்சதிலைதான்."

அரை மாத்திரையை நசுக்கி ஜாமோடு கொடுத்தார்கள். ஊர்மிளா கண்ணை இறுக்கி மூடி விழுங்கினாள். மதுரன் தன் கால் மாத்திரையையும் சுதர்ஷினி தன் முழு மாத்திரையையும் விழுங்கினார்கள். டொக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இனி அரை மணித்தியாலம் ஒருத்தரும் வேனிலை ஏறக்கூடாது. சத்தி எடுத்தால் மருந்து வெளியாலை போயிடும், திருப்பிக் குடுக்கவேணும்."

ஆகவே காத்திருந்தார்கள். மதுரனின் முகம் ஒரு தரம் வெளிறியது. சுதர்ஷினி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பேக்கரிக்கு முன்னால் நடந்தாள். அவன் ஏப்பம் விட்டான், அவள் நின்றாள். இன்னொரு ஏப்பம். பிறகு கண்ணாடிப் பெட்டியில் இருந்த கிரீம் பணிஸைக் கைகாட்டினான். மாயாண்டி சத்தமாகச் சிரித்துவிட்டான்.

"டொக்டரம்மாவுக்கு இந்தக் காச்சல் வந்திருக்குங்களா?" என்று அழகுமுத்து கேட்டார்.

"நாங்கள் கொஞ்சக் காலம் கிளிநொச்சிப் பக்கம் இருந்தனாங்கள். வீட்டிலை ஆறு பேர், ஆறு பேருக்கும் ஒரே கிழமை." டொக்டர் குனிந்து தராசைத் தரையிலிருந்து எடுத்தார். "இப்ப நாட்டிலை இல்லை. அதாலைதான் சனம் மறந்துபோச்சு."

அரை மணித்தியாலம் முடிந்தது. டொக்டர் புதிய பொதியைச் சுதர்ஷினியிடம் கொடுத்து, பழையதை வாங்கிக்கொண்டார். முதல் வாரம் அளவு குறைந்துபோனதால் அங்கே போன முதல் இரண்டு வாரமும் வலையிலும் முழுக்கைச் சட்டையிலும் இன்னும் கவனம் என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். ஊர்மிளா வேனின் முன் இருக்கைக்கு ஓடினாள்.

கடுகண்ணாவை வளைவுகளில் இரண்டு பிள்ளைகளும் சத்தி எடுத்தார்கள். மாத்திரை போய் ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. சுதர்ஷினி கணக்குப் பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டினாள். விமான நிலையத்தில், ஒரு பெட்டியிலிருந்து கம்பளிச் சட்டைகளை எடுத்து அழகுமுத்துவிடம் கொடுத்த பிறகு, இரண்டு பெட்டிகளும் இருபத்து மூன்றுக்குள் நின்றன. விமானம் தரையை விட்டபோது ஊர்மிளா சன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு, "அம்மா, நம்மளத் தூக்கிருச்சு" என்றாள். சுதர்ஷினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் சத்தம் போட வேண்டும்போல் இருந்தது.

ஆறு கிழமையும் பிள்ளைகள் வலைக்குள் தூங்கினார்கள். நான்காம் கிழமை ஊர்மிளாவுக்குக் காய்ச்சல் வந்தது. அன்றைக்கே இரத்தம் எடுத்தார்கள், மலேரியா இல்லை, தொண்டைப் புண். திரும்பி வந்து நான்கு வாரமும் மாத்திரை முடித்தார்கள். இருவருக்கும் அந்தக் காய்ச்சல் வரவில்லை. நிரோஷனுக்கு இன்னொரு தரம் வந்து குணமானது. ஒப்பந்தம் முடிந்து வந்தவன் இப்போது ஹட்டனில் ஒரு கடையில் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிறான். அழகுமுத்து அரைக் கிலோக் கழிவை நான்கு நாள் நடத்தினார். ஐந்தாம் நாள் அலுவலகத்தில் கூப்பிட்டுக் கேட்டார்கள், கழிவு இரண்டு கிலோவில் வந்து நின்றது. இப்போது ஓய்வு பெற்றுப் பூண்டுலோயாவில் மகள் வீட்டில் இருக்கிறார். பூரணி இன்னமும் கொழுந்தெடுக்கிறாள். மாயாண்டி வேனை விற்றுவிட்டான். கேதீஸ்வரி டொக்டர் மாற்றலாகி வவுனியாவுக்குப் போனார். ஊர்மிளா நான்காம் வகுப்பு, மதுரன் முதலாம் வகுப்பு.